மனக்காயமும் உடல் பருமனும்: அமெரிக்க முன்னாள் படைவீரர்க்கான இணைந்த சிகிச்சை

1. பொருளும் எல்லையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் படைவீரர் நலத்துறை, ஏறத்தாழ 90 இலட்சம் பேரைத் தன் மருத்துவப் பதிவேட்டில் கொண்டு, நாடெங்கும் மருத்துவமனைகளையும் புறநோயாளர் நிலையங்களையும் தானே நடத்துகின்ற, அந்நாட்டின் மிகப் பெரிய ஒருங்கிணைந்த மருத்துவ அமைப்பாகும். அங்கே சிகிச்சைக்கு வருவோர் பலரிடம் இரண்டு நோய்நிலைகள் சேர்ந்தே காணப்படுகின்றன. ஒன்று, போரிலோ படைப்பணியின்போதோ நேர்ந்த கொடிய அனுபவத்தின் விளைவாகிய பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு. பி.டி.எஸ்.டி. என்று மருத்துவர்கள் குறிக்கும் இந்நோய், இனி இங்கே சுருக்கம் கருதி அதிர்ச்சிக் கோளாறு எனப்படும். மற்றொன்று உடல் பருமன். முன்னதை மனநலப் பிரிவும் பின்னதை உணவியல் பிரிவும் தத்தம் முறைப்படி, பெரும்பாலும் ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல், கவனித்துவந்ததே நெடுங்கால வழக்கம்.

இவ்விரண்டையும் ஒருங்கே கண்டு ஒருங்கே சிகிச்சை செய்வது ஏன் தேவையாகிறது என்பதையும், அவ்வாறு செய்வதற்கு மேற்கொள்ளப்பட்டுள்ள முயற்சிகள் எத்தகையவை என்பதையும் இச்சொற்பொழிவு ஆராய்கிறது. இதன் மையக் கருத்தை முதலிலேயே கூறிவிடலாம். இரு நோய்களும் ஒருவரிடம் தற்செயலாகச் சேர்ந்திருப்பவை அல்ல. உறக்கக்கேடு, ஒதுங்கி வாழ்தல், உணவால் மனத்தை ஆற்றிக்கொள்ளல், மருந்துகளின் பக்கவிளைவு ஆகிய பொதுவான சில வழிகளின் மூலம் அவை ஒன்றையொன்று நிலைநிறுத்துகின்றன. ஆகவே, முதலில் மனம், பிறகு எடை என்று வரிசை வகுக்கும் சிகிச்சைமுறை, தான் ஒரு பக்கம் ஈட்டியதை மறுபக்கம் இழக்க நேர்கிறது.

2. நோய் அறியப்பட்ட வரலாறு

போரின் தாக்கம் வீரரின் உடலில் வெளிப்படுகிறதா, மனத்தில் வெளிப்படுகிறதா என்ற வினா மருத்துவ வரலாற்றில் பலமுறை எழுந்து, ஒவ்வொரு காலத்திலும் ஒரு பக்கமாகவே விடையளிக்கப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்ற வீரர்களை ஃபிலடெல்ஃபியாவில் ஆராய்ந்த ஜேக்கப் மென்டிஸ் டா காஸ்டா, படபடப்பும் நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் இருந்தும் இதயத்தில் தெளிவான கேடு காணப்படாத நோயாளிகளைப் பற்றி 1871இல் எழுதியபோது, அதனை இதயத்தின் மிகையுணர்ச்சி என்றே கொண்டார். படைவீரர் இதயம் என்ற பெயரும் அந்நிலைக்கு வழங்கிற்று. முதல் உலகப்போரின்போது, 1915இல், சார்லஸ் மையர்ஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற சொல்லை மருத்துவ இதழில் பயன்படுத்திய காலத்தில், அருகே வெடித்த குண்டின் அதிர்வு நரம்பு மண்டலத்தைத் தாக்கியதா, அச்சமும் துயரமும் மனத்தைக் குலைத்தனவா என்ற விவாதம் எழுந்து, போர் முடியும்வரை நீடித்தது.

வியட்நாம் போருக்குப் பின், ஊர் திரும்பிய வீரர்களும் அவர்களோடு பணியாற்றிய மனநல மருத்துவர்களும் விடாது வலியுறுத்தியதன் பயனாக, அமெரிக்க உளமருத்துவக் கழகம் 1980இல் வெளியிட்ட நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் அதிர்ச்சிக் கோளாறு தனி நோயாக இடம்பெற்றது. நாடாளுமன்றம் 1983இல் இட்ட ஆணைப்படி நடத்தப்பட்ட தேசிய ஆய்வு, வியட்நாம் களத்தில் பணியாற்றிய ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரும் பெண்களில் ஏறத்தாழ 8.5 விழுக்காட்டினரும், போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும், அந்நோயோடு வாழ்ந்துவந்ததைக் காட்டிற்று. இந்நோய்க்கான தேசிய மையத்தை முன்னாள் படைவீரர் நலத்துறை 1989இல் நிறுவியது.

அந்நோய்க் கையேட்டின் 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு, இக்கோளாற்றின் 20 அறிகுறிகளை நான்கு தொகுதிகளாக வகுக்கிறது. நடந்தது மீண்டும் நடப்பதுபோன்ற நினைவெழுச்சியும் தீக்கனவும் முதல் தொகுதி. அதனை நினைவூட்டும் இடம், மனிதர், பேச்சு ஆகியவற்றிலிருந்து விலகி நிற்கும் தவிர்ப்பு இரண்டாவது. தன்மீதும் உலகின்மீதும் நம்பிக்கை இழத்தல், குற்றவுணர்வு, உணர்ச்சி மரத்துப்போதல் போன்ற எண்ண, மனநிலை மாற்றங்கள் மூன்றாவது. எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்திருக்கும் மிகைவிழிப்பு, திடுக்கிடல், சினம், உறக்கமின்மை ஆகியன நான்காவது. இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால் நோய் உறுதிசெய்யப்படுகிறது. இந்நோய் இவ்வாறு மனநலத்துறையின் உரிமையாக நிலைபெற்றதால் வீரர்களுக்கு இழப்பீடும் சிகிச்சையும் கிடைத்தன. ஆயினும், டா காஸ்டா தம் நோயாளிகளிடம் கண்ட உடல் அப்போது பின்தள்ளப்பட்டது என்பதும் உண்மையே.

3. படைவீரரும் உடல் எடையும்

உடல் பருமனை அளக்கப் பெரிதும் பயன்படுவது உடல் நிறை குறியீட்டெண் ஆகும். எடையைக் கிலோகிராமில் எடுத்து, மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் இவ்வெண் 25ஐ எட்டினால் மிகை எடை என்றும், 30ஐ எட்டினால் உடல் பருமன் என்றும் அமெரிக்க மருத்துவர்கள் கொள்வர். தெற்காசியர்க்கு இதனினும் குறைந்த எண்ணிலேயே நீரிழிவு இடர் தொடங்குவதால், அவர்க்கு 23ஐ எல்லையாகக் கொள்ளும் வழக்கமும் உண்டு. முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 2000ஆம் ஆண்டில் சிகிச்சை பெற்ற 18 இலட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆண்களில் 73 விழுக்காட்டினர் மிகை எடையோ பருமனோ உடையவராகவும், ஆண்கள் அனைவருள்ளும் பருமன் நிலையை எட்டியோர் 33 விழுக்காட்டினராகவும் இருந்தனர். 2014இல் அந்தப் பருமன் விழுக்காடு ஆண்களிடம் 41 ஆகவும் பெண்களிடம் 44 ஆகவும் உயர்ந்திருந்தது.

உடல்தகுதியின் பேரில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆண்டுதோறும் எடையும் ஓட்டமும் சோதிக்கப்பட்ட ஒரு கூட்டம் பிற்காலத்தில் இந்நிலையை அடைவதற்குப் படைவாழ்வின் அமைப்பிலேயே காரணங்கள் உள்ளன. பணிக்காலத்தில் உடற்பயிற்சி என்பது விருப்பமன்று, கட்டளை. நேரம், இடம், துணை ஆகிய மூன்றையும் படையே வகுத்துத் தந்தது. பணி முடிந்தவுடன் அம்மூன்றும் ஒருசேர அகல, கடும் உழைப்புக்கு ஈடாகப் பழகிய உணவளவும், அடுத்த கட்டளை வருமுன் விரைந்து விழுங்கும் பழக்கமும் மட்டும் எஞ்சுகின்றன. மூட்டுத் தேய்வும் முதுகுவலியும் பழைய காயங்களும் நடமாட்டத்தைக் குறைக்கின்றன. 2001இல் தொடங்கிய மில்லேனியம் கோஹார்ட் என்னும் நெடுங்கால ஆய்வு, வீரர்களின் எடை பணிவிலகலை ஒட்டிய ஆண்டுகளிலேயே மிகவும் ஏறுவதைக் கண்டறிந்துள்ளது. இவற்றோடு வறுமையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து மினசோட்டா மாநிலத்திற்குத் திரும்பியோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒருவருக்கு மேற்பட்டோர் போதிய உணவு தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதியின்றி வாழ்ந்தனர். பணம் தட்டுப்படும் வீட்டில் மலிவும் கொழுப்பும் மிகுந்த உணவே முதலில் தட்டுக்கு வருவதால், பசியும் பருமனும் ஒரே குடும்பத்தில் தங்குவதில் வியப்பில்லை.

4. எது முன், எது பின்

அதிர்ச்சிக் கோளாறு உடையோரிடம் பருமன் மிகுதி என்று காட்டுவது எளிது. எது எதற்கு முன் வந்தது என்று காட்டுவது கடினம். பருமன் உள்ளவரே அதிர்ச்சிக்கு எளிதில் ஆட்படுகிறார் என்றோ, வறுமை போன்ற மூன்றாவது காரணமொன்று இரண்டையும் விளைவிக்கிறது என்றோ ஒருவர் வாதிடலாம். இதற்குத் தக்க சான்று படைத்துறைக்கு வெளியிலிருந்து கிடைத்தது. அமெரிக்கச் செவிலியர் 54,224 பேரின் எடையை 1989 முதல் 2005 வரை தொடர்ந்து பதிவுசெய்த ஆய்வு, அதிர்ச்சிக்குப் பின் அறிகுறிகள் தோன்றிய பெண்களின் எடை, அறிகுறிகள் தோன்றுமுன் இருந்த போக்கிலிருந்து மாறி, விரைந்து ஏறத் தொடங்கியதை 2014இல் வெளிப்படுத்தியது. தொடக்கத்தில் இயல்பான எடை கொண்டிருந்தவருள், நான்கோ அதற்கு மேற்பட்ட அறிகுறிகளோ உடையவர் மிகை எடைக்கு ஆளாகும் வாய்ப்பு, அதிர்ச்சியே நேராதவரைவிட 36 விழுக்காடு கூடுதலாக இருந்தது. மனச்சோர்வைக் கணக்கில் கொண்டபின்னும் இவ்வேறுபாடு மறையவில்லை.

இவ்வாய்வால் அதிர்ச்சிக் கோளாறு முன்னதாகவும் எடை பின்னதாகவும் வரக்கூடும் என்பது உறுதிப்பட்டது. ஆயினும் தொடக்கக் காரணத்தை நீக்கினால் விளைவு தானே அகலும் என்று இதிலிருந்து முடிவுசெய்ய இயலாது. ஏறிய எடை, அடுத்து விளக்கப்படும் வழிகளில், தன்னை ஏற்றிய நோய்க்கே துணைபுரியத் தொடங்குகிறது.

5. இரு நோய்களையும் பிணைக்கும் வழிகள்

மூளையின் ஹைபோதலாமஸ், அதனடியிலுள்ள பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரீனல் ஆகிய சுரப்பிகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்யும் தொடரே உடலின் நெருக்கடி ஏற்பாடாகும். நீடித்த மனஅழுத்தம் கார்ட்டிசாலைப் பெருக்கி வயிற்றுக் கொழுப்பை வளர்க்கிறது என்ற விளக்கம் பரவலாக வழங்கினாலும், அதிர்ச்சிக் கோளாற்றுக்கு அது அப்படியே பொருந்தாது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள படைவீரர் மருத்துவமனையில் ரேச்சல் யெஹுடா செய்த ஆய்வுகள், இந்நோயாளர் பலரிடம் கார்ட்டிசால் அளவு குறைந்தும், அதனைக் கட்டுப்படுத்தும் பின்னூட்டம் மிகுந்தும் இருப்பதைக் காட்டின. கார்ட்டிசாலின் அடக்கும் கை தளர்ந்திருக்க, நாரட்ரினலின் என்னும் நெருக்கடி ஹார்மோனின் சுரப்பு உயர்ந்தும் அழற்சி மிகுந்தும் நிற்பது இதயத்துக்கும் சர்க்கரைச் சமநிலைக்கும் தீங்கு பயக்கிறது.

இதனினும் நேரடியான வழி உறக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நலமுள்ள இளைஞர் 12 பேரை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரமே உறங்கவிட்டுச் செய்த ஆய்வு, நிறைவுணர்வைத் தரும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்து, பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியதையும், மாவும் இனிப்பும் மிகுந்த உணவின்மீது விருப்பம் ஏறியதையும் 2004இல் பதிவுசெய்தது. இரண்டே இரவுகளின் விளைவு இதுவென்றால், தீக்கனவுக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் விழித்திருக்கும் ஒருவரின் பசி எவ்வாறிருக்கும் என்பதை உய்த்துணரலாம். கழுத்தைச் சுற்றிச் சேரும் கொழுப்பு உறக்கத்தில் மூச்சுப்பாதையை நெரித்து, இரவில் பலமுறை மூச்சை நிறுத்துகிறது. தூக்க மூச்சுத்தடை எனப்படும் இந்நிலையால் உறக்கம் மேலும் துண்டுபடத் தீக்கனவும் பகற்சோர்வும் பெருகுகின்றன. இதற்குரிய கருவி, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைப்பது. ஆனால் முகத்தை மூடும் பொருள் அச்சத்தையும் மூச்சடைப்பு உணர்வையும் தூண்டுவதால், அதிர்ச்சிக் கோளாறு உடையோர் அக்கருவியைப் பிறரைவிடக் குறைவாகவே பயன்படுத்துகின்றனர். எடை மனநோயை மிகுவிப்பதும், மனநோய் எடைசார் நோயின் சிகிச்சையைத் தடுப்பதும் இந்த ஒரு நிகழ்வில் சேர்ந்தே புலப்படுகின்றன.

மூன்றாவது வழி தவிர்ப்பு. கூட்டமும் இரைச்சலும் பின்னால் யார் நிற்கிறார் என்று அறிய முடியாத வரிசையும் மிகைவிழிப்புள்ள ஒருவருக்குத் தாங்கமுடியாதவை. ஆகவே உடற்பயிற்சிக் கூடம், பூங்கா, காய்கறி வாங்கும் பேரங்காடி ஆகியன அவருக்கு மூடப்பட்ட இடங்களாகின்றன. கார் சன்னலில் கைநீட்டி வாங்கும் விரைவுணவும் நள்ளிரவில் திறந்திருக்கும் சிறுகடையும் எஞ்சுகின்றன. இடத்தைத் தவிர்ப்பதோடு உடலுணர்வையும் தவிர்ப்பது உண்டு. வேகமாக நடக்கும்போது எழும் நெஞ்சுத் துடிப்பும் வியர்வையும் மேல்மூச்சும் தாக்குதலின்போது உடல் அடைந்த நிலையை ஒத்திருப்பதால், உழைப்பின் இயல்பான அடையாளமே ஆபத்தின் அறிகுறியாக உணரப்பட்டு, நடையே கைவிடப்படுகிறது. சோம்பல் என்று உணவியலாளர் குறித்துவைக்கும் நிலையின் உள்ளே இத்தகைய அச்சம் மறைந்திருக்கக்கூடும்.

நான்காவது வழி உணவு. சிறிது நேரத்துக்குள் மிகுந்த அளவை, நிறுத்த இயலாத உணர்வோடு உண்ணும் கட்டுக்கடங்கா உண்ணல், அதிர்ச்சிக் கோளாறு உடையோரிடம் மிகுதி. எழுந்துவரும் நினைவை அது சற்று நேரம் அமிழ்த்துகிறது. பட்டினியின் தழும்பும் இதில் சேரலாம்: இரண்டாம் உலகப்போரில் பிடிபட்டுச் சிறைமுகாமில் எடை இழந்த கனடிய வீரர்களிடம், அவ்வாறு பிடிபடாத போர்வீரர்களைவிடக் கட்டுக்கடங்கா உண்ணல் பல்லாண்டுகளுக்குப் பின்னும் மிகுந்திருந்ததை ஜேனட் பொலிவி குழுவினர் 1994இல் எடுத்துரைத்தனர். பெண் வீரர்களிடம் மற்றொரு காரணமும் செயல்படுகிறது. நலத்துறை மருத்துவர்கள் வினவும்போது, படைப்பணியின்போது பாலியல் வன்கொடுமையோ தொல்லையோ நேர்ந்ததாகப் பெண்களில் மூவரில் ஒருவர் கூறுகிறார். அவர்களுள் சிலர், ஆடவரின் பார்வை தம்மீது படாதிருக்கப் பருத்த உடலே காப்பு என்று கருதுவதைக் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நடந்த நேர்காணல் ஆய்வு வெளிக்கொணர்ந்தது. அத்தகையவரிடம் எடையைக் குறைக்கச் சொல்வது, மாற்றுப் பாதுகாப்பு எதையும் தராமல் காப்பைக் களையச் சொல்வதாகும்.

6. மருத்துவமே கூட்டும் எடை

இந்த நான்கு வழிகளும் நோயிலிருந்து எழுபவை. ஐந்தாவது வழி சிகிச்சையிலிருந்து எழுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இக்கோளாற்றுக்கென ஏற்பளித்த மருந்துகள் செர்ட்ராலின், பராக்செட்டின் ஆகிய இரண்டு மட்டுமே; இவற்றுள் பராக்செட்டின் நாட்பட எடையைக் கூட்டவல்லது. உறக்கத்திற்காகவும் பதற்றத்திற்காகவும் கூடுதலாக எழுதித்தரப்படும் மிர்ட்டசபின், குவெட்டியபின், ஒலான்சபின் போன்றவை எடையேற்றத்திற்குப் பெயர்பெற்றவை.

இவ்வாறு எழுதித்தருவதன் பயனைச் சோதித்த ஆய்வொன்று தனியே குறிப்பிடத்தக்கது. வழக்கமான மனச்சோர்வு மருந்துகளுக்குக் கட்டுப்படாத படைவீரர்களுக்கு ரிஸ்பெரிடோன் என்னும் மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அதிர்ச்சிக் கோளாறு தணிகிறதா என்று, நலத்துறையின் 23 மருத்துவ மையங்களில் ஆறு மாதம் ஆராய்ந்து 2011இல் முடிவு வெளியிடப்பட்டது. மருந்து பெற்றோர்க்கும் வெற்று மாத்திரை பெற்றோர்க்கும் நோய் தணிவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் எடையேற்றம் மருந்து பெற்றோரில் 15.3 விழுக்காட்டினருக்கும் மற்றவரில் 2.3 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. மனத்துக்கு நன்மை தராத மருந்து உடலுக்குத் தீமை தந்ததை, இரண்டையும் ஒரே ஆய்வில் அளந்ததனாலேயே அறிய முடிந்தது. எடையை ஒரு துறையும் மனநிலையை மற்றொரு துறையும் தனித்தனியே அளக்கும் இடத்தில் இத்தகைய இழப்பு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. நலத்துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட நெறிமுறை, மருந்தைவிட உரையாடல்வழிச் சிகிச்சைக்கே முதலிடம் தருவதற்கு எடையும் ஒரு துணைநியாயமாகிறது.

7. தனித்தனிச் சிகிச்சைகளும் அவற்றின் எல்லையும்

எடைக்குறைப்புக்காக நலத்துறை 2006இல் நாடு தழுவிய அளவில் 'மூவ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. உணவைக் குறித்துவைத்தல், இலக்கு வகுத்தல், நடையைப் படிப்படியாகக் கூட்டல், குழுவாகக் கூடிப் பேசல் ஆகியவை அதன் அடிப்படை. இம்முறைக்குப் பின்புலமாக நிற்கும் சான்றுகளுள் தலையாயது, 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வாகும். 7 விழுக்காடு எடைக்குறைப்பையும் வாரத்திற்கு 150 நிமிட உடலுழைப்பையும் இலக்காக்கிய வாழ்முறை மாற்றம், நீரிழிவு தோன்றும் இடரை 58 விழுக்காடு குறைத்ததாக அது காட்டிற்று. ஆயினும் மூவ் திட்டத்தில் சேர்ந்தோரின் பதிவுகளைக் கேத்தரின் ஹோர்ஸ்டர் குழுவினர் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டபோது, அதிர்ச்சிக் கோளாறு உடையோர், அது இல்லாதோரைவிடக் குறைவாகவே எடை இழந்தது புலனாயிற்று. திட்டத்தின் ஒவ்வொரு அறிவுரையும், வெளியே செல்லவும் கூட்டத்தில் அமரவும் இரவில் உறங்கவும் இயலும் ஒருவரை மனத்தில் கொண்டே வகுக்கப்பட்டிருந்தது என்பதை நினைத்தால் இம்முடிவின் காரணம் விளங்கும்.

மனநலப் பக்கத்தில் இரண்டு சிகிச்சைகள் வலுவான சான்று பெற்றவை. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் எட்னா ஃபோவா வகுத்த நீடித்த எதிர்கொள்ளல் சிகிச்சை, அஞ்சித் தவிர்க்கும் நினைவையும் இடத்தையும் பாதுகாப்பான முறையில் திரும்பத் திரும்ப நெருங்கவைத்து, அச்சம் தானே தணிவதை நோயாளி நேரில் உணரும்படி செய்கிறது. பட்ரீசியா ரெசிக் வகுத்த எண்ணச் சீராய்வுச் சிகிச்சை, பன்னிரண்டு அமர்வுகள் அளவில், 'என் தவறாலேயே தோழன் இறந்தான்' என்பது போன்ற இறுகிய நம்பிக்கைகளை எழுதிப் பார்த்துச் சோதிக்கப் பயிற்றுகிறது. நலத்துறையின் 17 மையங்களில் 916 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வில், இரண்டுமே பயன் தந்தன. எதிர்கொள்ளல் சிகிச்சை சற்றே மேலாக இருந்தபோதிலும், அவ்வேறுபாடு நோயாளிக்கு நடைமுறையில் பொருட்படுத்தத்தக்க அளவினதன்று.

மனம் தேறினால் உடலுக்கும் நன்மை உண்டு என்பதற்குச் சான்று இல்லாமல் இல்லை. அறிகுறி அளவுகோலில் 20 புள்ளிகளோ அதற்கு மேலோ தேறியவர்க்கு, அந்த அளவு தேறாதவரைவிட இரண்டாம் வகை நீரிழிவு தோன்றும் இடர் 49 விழுக்காடு குறைந்திருந்ததாக, 1,598 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்த ஜெஃப்ரி ஷெரர் குழுவினர் 2019இல் காட்டினர். பதிவுகளை மட்டுமே கொண்ட ஆய்வாதலால், தேற்றமே நீரிழிவைத் தடுத்தது என்று அது அறுதியிட்டுக் கூற இயலாது. உடனடி எடையைப் பொறுத்தமட்டில், மனம் தேறிய ஒருவர் பதினைந்து ஆண்டுகளாக வேரூன்றிய உணவுப் பழக்கத்தை எவரும் கற்பிக்காமல் தாமே மாற்றிக்கொள்வார் என எதிர்பார்ப்பதற்கு இடமில்லை. அச்சம் நீங்கினால் கதவு திறக்கும். வெளியே சென்று எதை வாங்குவது, எவ்வளவு உண்பது என்பதை வேறொருவரே கற்பிக்கவேண்டும்.

8. இணைந்த சிகிச்சையின் வடிவம்

இரு திட்டங்களையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்து நடத்துவது இணைப்பாகாது. அது நோயாளியின் பயணத்தையும் களைப்பையும் இரட்டிப்பதில் முடியும். ஒரு பயிற்சி இரண்டு நோய்க்கும் மருந்தாகும்படி அமைப்பதே இணைப்பு. வாஷிங்டன் மாநிலத்தின் சியாட்டில் நகரைச் சார்ந்த பியூஜட் சவுண்ட் படைவீரர் மருத்துவமனையில் ஹோர்ஸ்டர் குழுவினர் உருவாக்கிய 'மூவ் பிளஸ் அப்' என்ற முறை இவ்வகையில் முன்னோடியானது. அது ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம் கொண்ட 16 குழு அமர்வுகளால் ஆனது. மூவ் திட்டத்தின் உணவுக் கல்வியோடு, அதிர்ச்சிக் கோளாற்றுக்குரிய சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் கூறுகளும் அதில் பின்னப்பட்டுள்ளன. அதாவது, தவறான எண்ணத்தைக் கண்டறிந்து மாற்றுவதன் மூலமும், தவிர்க்கும் செயலைச் சிறிது சிறிதாகச் செய்வதன் மூலமும் துயரைத் தணிக்கும் பயிற்சிகள் எடைக்குறைப்புப் பாடத்தின் உள்ளேயே இடம்பெறுகின்றன. ஒரு குழுவிடம் சோதித்து, பங்கேற்றோர் கூறிய குறைகளைக் கேட்டு, அடுத்த குழுவுக்குத் திருத்தி அமைக்கும் வழியில் அம்முறை செப்பம் பெற்றது.

அதன் உயிர்நாடி குழுவாகச் செல்லும் நடை. மருத்துவமனையை விட்டு வெளியே, மக்கள் நடமாடும் தெருவில், உடன் பங்கேற்போரோடு நடக்கும்போது, கலோரி செலவாவதும் அஞ்சிய இடத்தை நெருங்கிப் பழகுவதும் ஒரே செயலில் நிறைவேறுகின்றன. எதிர்கொள்ளல் சிகிச்சை நோயாளிக்குத் தரும் வீட்டுப்பாடமும் எடைக்குறைப்பாளர் தரும் நடைக்கணக்கும் இங்கே ஒன்றே. பேரங்காடிக்குச் செல்லும் பணியும் அவ்வாறே: கூட்டம் குறைந்த காலை வேளையில் தொடங்கி, வாசலுக்கருகில் உள்ள காய்கறிப் பகுதியோடு நிறுத்தி, பிறகு உள்வரிசைகளுக்கும் மாலை நேரத்துக்கும் முன்னேறும் படிநிலையை வகுத்தால், அச்சத்தின் ஏணியும் வாங்கவேண்டிய பட்டியலும் ஒன்றாகின்றன. நெஞ்சுத் துடிப்பைக் கண்டு அஞ்சுபவருக்குப் படியேறவைத்து, துடிப்பு உயர்வதையும் சில நிமிடங்களில் தானே அடங்குவதையும் எண்ணிப் பார்க்கச் சொல்வது உடலுணர்வை எதிர்கொள்ளும் பயிற்சியாகவும் உடற்பயிற்சியாகவும் அமைகிறது. உணவுக் குறிப்பேட்டில் என்ன உண்டார் என்பதோடு, உண்ணுமுன் என்ன நினைவு எழுந்தது, முந்தைய இரவு எவ்வளவு உறங்கினார் என்பனவும் இடம்பெற்றால், கட்டுக்கடங்கா உண்ணலின் தூண்டுகோல் வெளிப்படும்.

உடற்பயிற்சி மனநோய்க்கும் மருந்தாகும் என்பதற்கு வேறிடத்துச் சான்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், அதிர்ச்சிக் கோளாற்றுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 81 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு எடைதூக்கும் பயிற்சியும் நடையும் 12 வாரங்கள் அளிக்கப்பட்டன. சைமன் ரோசன்பாம் குழுவினர் 2015இல் வெளியிட்ட முடிவின்படி, பயிற்சி பெற்றோரின் அதிர்ச்சி அறிகுறிகளும் மனச்சோர்வும் மற்றவரைவிட மிகுதியாகக் குறைந்ததோடு, இடுப்புச் சுற்றளவும் குறைந்தது. ஒரே தலையீடு இரண்டு அளவைகளையும் அசைக்கக்கூடும் என்பதற்கு இது நேர்ச்சான்று.

குழுவின் அமைப்பும் சிகிச்சையின் பகுதியே. படைவாழ்வில் பயிற்சி எப்போதும் கூட்டுச் செயலாகவே இருந்ததால், பிறர் வருகிறார் என்பதற்காகவே தாமும் வரும் பழக்கம் வீரரிடம் ஊறியுள்ளது. தாமும் நோயுற்றுத் தேறிய முன்னாள் வீரர்களைத் துணையாளர்களாக நலத்துறை பணியமர்த்துவது இவ்விடத்தில் பெரிதும் உதவும். படைப்பணியில் ஆடவரால் தீங்குற்ற பெண்ணை ஆடவர் நிறைந்த எடைக்குழுவில் அமர்த்துவது தீங்கைத் தொடர்வதாகும் என்பதால், பெண்களுக்கெனத் தனிக்குழுவோ இணையவழிக் கூட்டமோ தேவைப்படும்.

9. புதிய மருந்துகளும் அறுவையும்

உண்டபின் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி.1 என்னும் ஹார்மோனைப் போலச் செயல்பட்டுப் பசியை அடக்கும் மருந்துகள் இத்துறையின் கணக்குகளை மாற்றியுள்ளன. செமாகுளுட்டைடு பெற்றோர் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை இழந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வாழ்முறைப் பயிற்சியால் மட்டும் எட்ட இயலாத அளவு இது. எனினும் அண்மையில் கடும் மனச்சோர்வு கண்டவர்கள் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அதிர்ச்சிக் கோளாறு உடையோரில் மிகப் பலர் மனச்சோர்வும் உடையவராதலால், அந்த எண்ணை அவர்க்கு அப்படியே பொருத்துவது முறையாகாது. இரைப்பை மாற்று அறுவையைப் பொறுத்தவரை, நலத்துறையில் அதனைச் செய்துகொண்ட வீரர்கள் பத்தாண்டுகளுக்குப் பின்னும் தொடக்க எடையில் 28.6 விழுக்காட்டை இழந்த நிலையில் இருந்ததை 2016இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. அதிர்ச்சிக் கோளாறு இருப்பதாலேயே ஒருவருக்கு அறுவையை மறுக்கத் தேவையில்லை என்பதே இதுவரை கிடைத்த அனுபவம். ஆயினும் ஊசியும் கத்தியும் பசியைக் குறைக்குமேயன்றி, கூட்டத்தைக் கண்ட அச்சத்தையும் இரவின் விழிப்பையும் குறைக்கமாட்டா. உணவால் நினைவை அமிழ்த்திவந்த ஒருவரிடமிருந்து உணவை மட்டும் விலக்கினால், அவ்விடத்தை மது நிரப்பக்கூடும் என்பதால், இவ்வழியிலும் மனநலத் துணை உடன்செல்லவேண்டும்.

10. நடைமுறையில் செய்யத்தக்கவை

இணைந்த சிகிச்சைக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. மனநலப் பிரிவில் மருந்து எழுதும் ஒவ்வொரு முறையும் எடையும் இடுப்பளவும் குறிக்கப்பட்டு, எடையேற்றும் மருந்து பயன் தராதபோது நிறுத்தப்படவேண்டும். எடைப்பிரிவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும், ஆம், இல்லை என்று விடையளிக்கத்தக்க ஐந்து வினாக்களால் ஆன அதிர்ச்சிக் கோளாற்றுச் சோதனையைச் செய்தல் வேண்டும். அதற்குச் சில நிமிடங்களே போதும். இரண்டும் உள்ளவர்க்கு மூச்சுத்தடைச் சோதனையை முதலிலேயே செய்து, முகமூடிக்கு வீட்டில் விழித்திருக்கும்போதே சிறிது சிறிதாகப் பழக்குவதை மனநலச் சிகிச்சையின் பகுதியாக்கவேண்டும். வீட்டில் உணவுக்குப் பணம் போதுகிறதா என்ற வினாவைத் தவிர்க்கலாகாது.

வெற்றியை அளக்கும் முறையும் மாறவேண்டும். கிலோவை மட்டும் எண்ணும் திட்டம், எடை குறையாமலே கடைக்குச் செல்லத் தொடங்கிய ஒருவரைத் தோல்வியாகப் பதிவுசெய்யும்; அறிகுறிப் புள்ளியை மட்டும் எண்ணும் திட்டம், மனம் தேறிய பின் மாரடைப்புக்கு ஆளானவரை வெற்றியாகப் பதிவுசெய்யும். இரண்டு எண்களையும் உறக்க நேரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒரே குழு அதற்குப் பொறுப்பேற்கும்போதுதான் எது பயன் தந்தது, எது கேடு செய்தது என்பது தெரியவரும். மனநலம், உணவியல், உறக்கம், மருந்தகம் ஆகிய அனைத்தையும் ஒரே நிர்வாகத்தின் கீழும் ஒரே மின்னணுப் பதிவேட்டிலும் கொண்டுள்ள முன்னாள் படைவீரர் நலத்துறைக்கு இதனைச் செய்வதில் பிற மருத்துவ அமைப்புகளுக்கு உள்ள தடைகள் இல்லை. வீரரைப் போருக்கு அனுப்பிய அரசே அத்துறையை நடத்துவதால், அவரது மனத்துக்கும் உடலுக்கும் நேர்ந்த விளைவுகளைச் சேர்த்தே ஏற்கும் கடமையும் அதற்கு உண்டு.